ஓரத்தில் பதினொரு வெங்காயம்

பள்ளியில் அன்று ‘வானவில் தட்டு’ தொடக்க விழா. சுற்றறிக்கை முன்பே வந்திருந்தது: இனி வீட்டு டப்பாவுக்கு அனுமதி இல்லை, எல்லாப் பிள்ளைகளும் ஏழு நிறக் காய்கறிக் கலவையை உண்டு உய்ய வேண்டும்.

லேத் பட்டறைக்காரர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகள் சிட்டுவையும் அவள் டப்பாவையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். சிட்டுவுக்கு ஆட்டிசம். ஈரக் காய் நாக்கில் பட்டால் குடலே வெளியே வந்துவிடுவதுபோல் குமட்டும். டப்பாவில் வறுத்த ரொட்டித் துண்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றும் முப்பது மில்லிமீட்டர் சதுரம். பட்டறையில் இரும்பை அளக்கும் வெர்னியரால் அளந்து வெட்டியவை. “முப்பத்திரண்டா இருந்தா வயித்துக்குள்ள யாரு மாமா அளந்து பார்க்கப்போறா?” என்று மைத்துனன் ஒருநாள் தன் இஷ்டத்துக்கு வெட்டினான். அன்று முழுக்க சிட்டு வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மைத்துனனும் திறக்கவில்லை.

மேடையில் உணவு ஆலோசகர். அவருடைய பட்டங்களைத் தலைமையாசிரியை வாசித்து முடிப்பதற்குள் கலவை ஆறிப்போனது.

ஆலோசகர் மைக்கைப் பிடித்தார். “காய் வேணாம்னு சொல்றது எல்லாம் பிடிவாதம்! ரெண்டு வேளை பட்டினி போடுங்க. தானா சாப்பிடும்.”

கைதட்டல். பட்டறைக்காரர் தட்டவில்லை. போன வருஷம் இன்னொரு மேதையின் பேச்சைக் கேட்டுப் பட்டினி போட்டதில், மூன்றாம் நாள் சிட்டுவின் கையில் ட்ரிப் ஏறியது.

சாப்பாட்டு மேசையில் தலைமையாசிரியை டப்பா மூடியின்மேல் கையை வைத்தார். “எல்லாருக்கும் ஒரே விதி சார். முடியாதுன்னா மத்தியானமே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“பாதி நாள் படிப்பு போயிடுமே மேடம். இதைத்தான் சாப்பிடுவா, இங்கதான் படிப்பா. டாக்டர் சீட்டு கொடுத்தாச்சே?”

“பார்த்தேன். ஆனா, சாரே சொல்லிட்டாரே.”

எதிரே அந்த ஆலோசகர் சார் முள்கரண்டியும் கையுமாக மும்முரமாக இருந்தார். நூலிழைப் பிசகையும் பிடிக்கிற பட்டறைக்காரரின் கண், அந்தத் தட்டில் போய் நின்றது.

“சார், ஓரத்துல வரிசையா பதினொரு வெங்காயம் ஒதுக்கி வெச்சிருக்கீங்க.”

“அதுவா? பல்லுல நறநறங்கும். சின்ன வயசுலேர்ந்தே ஆகாது.”

“உங்க வீட்டுல எத்தனை வேளை பட்டினி போட்டாங்க?”

பக்கத்து நாற்காலியில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஆலோசகரின் காது சிவந்தது. வானவில்லில் அந்த ஒரு நிறம்தான் குறைந்திருந்தது.

தலைமையாசிரியை மெல்லக் கையை எடுத்தார். “சரி... தற்காலிகமா கொண்டு வரட்டும்.”

“எழுதிக் கொடுத்துடுங்க மேடம். ‘தற்காலிகமா’வை விட்டுட்டு.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி நீட்டினார். தலைமையாசிரியை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அசையவில்லை.

சிட்டு ஒன்பது துண்டையும் தின்று முடித்தாள். பிறகு எதிர்த் தட்டையே வெகுநேரம் பார்த்தாள்.

“அப்பா, ஏழாவது கோணல்.”

ஆலோசகர் குனிந்து பார்த்தார். முள்கரண்டியால் அந்த வெங்காயத்தை வரிசைக்குள் நேராகத் தள்ளி வைத்தார்.