சிவப்பு வரி

...அந்தக் கீ போர்டில் ஐந்து என்ற பட்டன் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்தானே, ஒரு தட்டு தட்டினால் இரண்டு விழும், அந்த ஓரத்துக் கம்ப்யூட்டரில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று நேற்றுகூட நினைத்தாள், நினைத்து என்ன புண்ணியம், காலையில் ப்ளஸ் டூ ரிசல்ட் என்றதும் பிள்ளைகள் லேப் வாசலில் முண்டியடிக்க, அத்தனையும் மறந்துபோய், உக்காருடி, நீயே அடிச்சிப் பாரு என்று தமிழ்ச்செல்வியைத் தோளைப் பிடித்து அங்கேதான் உட்காரவைத்தாள் இந்த ரேகா, கம்ப்யூட்டர் டீச்சர், ஊரைத் திருத்த வந்தவள்... தமிழ்ச்செல்வி ஊருக்குப் போகும் இந்தக் கிள்ளை பஸ் ஏன் இப்படி உருட்டுகிறது? ரயில்வே கேட் வேறு மூடியாயிற்று. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போகிறார். அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் என்று கத்த வேண்டும் போல் இருக்கிறது, கத்தினால் மட்டும் ரயில் சீக்கிரம் வந்துவிடுமா? சில வருஷமாக ரயிலே ஓடாமல் கிடந்த தண்டவாளம், இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது, அதுவும் இன்றைக்குப் பார்த்துத்தானா வரவேண்டும், ஐயோ, தண்டவாளத்தைப் பற்றி நினைக்காதே, வேறு எதையாவது நினை, வேறு எதையாவது...

எண்ணில் ஓர் ஐந்து கூடுதலாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. அப்படி ஓர் எண்ணே இல்லை என்று இங்கிலீஷில் ஒரு சிவப்பு வரி வந்திருக்கிறது. ஃபெயில் என்று அதில் எங்கேயும் இல்லை, ஆனால் தமிழ்ச்செல்விக்கு அது ஃபெயில். ஏன் இருக்காது? ரேகா பத்தாவது எழுதிய வருஷம் கம்மாபுரம் கடைத்தெருவில் அப்பா பேப்பரை விரித்து விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தடவிக்கொண்டு போனாரே, பாஸானவர்கள் எண் மட்டும்தான் பேப்பரில் வரும், எண் இல்லாவிட்டால் போயிற்று, எதிர்வீட்டுக்காரர் தன் மகன் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். தமிழ்ச்செல்வியின் அண்ணன் கதையும் அதுதான், எண் வரவில்லை, மறுநாளே மீன்பிடி போட்டில் ஏறிவிட்டான். எண் இல்லை என்றால் ஃபெயில், அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் படித்துப் பழகியிருக்கிறார்கள். இது ரேகாவுக்கு உறைத்ததா? ஒரு வருஷம் முழுக்க என்னதான் சொல்லிக்கொடுத்தாய்? மவுஸை இப்படிப் பிடி, ரெண்டு தடவ தட்டு, முகவரியை இங்கே அடி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டிவைத்திருந்த கம்ப்யூட்டர்களைத் திறக்கச் சொல்லி ஹெச்.எம். மங்கலம் டீச்சரோடு மல்லுக்கட்டினாய், எல்லாம் சரி...

கேட் திறந்தது. பஸ் நகர்கிறது. ஹெச்.எம். பாஸ் லிஸ்ட் கேட்டபோதுதான் ரேகா வேறொரு கம்ப்யூட்டரில் அவள் எண்ணைச் சரியாகப் போட்டாள். தமிழ்ச்செல்வி, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, எல்லாப் பாடத்திலும் பாஸ். சந்தோஷத்தில் அவளைக் கூப்பிடத் திரும்பினால் ஆளைக் காணோம். பக்கத்தில் இருந்த பெண்தான் சொன்னாள், "அவ அப்பவே போயிட்டா மிஸ். சிவப்பா வந்துச்சி, பாத்தா, எழுந்து போயிட்டா. அழுவக்கூட இல்ல." அழாதது நல்லதா கெட்டதா? வாசலில் அவள் செருப்பு அப்படியே கிடந்தது. மே மாத வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு. வீட்டில் போன் கிடையாது, அடுத்த தெரு மளிகைக் கடை நம்பர்தான், அடித்து அடித்து ஓய்ந்தாயிற்று, யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? கடையைச் சாத்திவிட்டு எல்லாரும் எங்கே போனார்கள்? எதைப் பார்க்கப் போனார்கள்? போன வருஷம் ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரில் வந்த, ஃபெயிலென்று உயிரை விட்ட பெண்ணின் போட்டோ, ரெட்டை ஜடை... வேண்டாம். கடவுளே, வேண்டாம். என் வேலை போகட்டும், கான்ட்ராக்ட் வேலைதானே, போகட்டும், இந்தப் பெண் இருக்கட்டும். நர்சிங் படிக்கணும் மிஸ் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள், ஃபாரம் வாங்கக்கூட ரிசல்ட்டுக்காகத்தான் காத்திருந்தாள்.

அவள் ஊரான முடசலோடையில் இறங்கி ரேகா ஓடினாள், மணலில் கால் புதைந்தது, தெருமுனையில் கூட்டம், அவ்வளவுதான், முடிந்தது என்று ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டே போனால் மீனுக்கு ஐஸ் கொண்டுவந்த வண்டியைச் சுற்றி ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ச்செல்வி எங்கே, காத்தவராயன் மகள், ப்ளஸ் டூ படிச்ச பொண்ணு... யாரோ கொட்டகைப் பக்கம் கை காட்டினார்கள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள், நடுவில் அவள், ஸ்கூல் தாவணியோடு, விரல்நுனி எல்லாம் வெளுத்து. இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். ரேகாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அந்த ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "நீ பாஸுடி. தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. நம்பர்ல ஒண்ணு கூடிப்போச்சி, கீ போர்டுதான் கெட்டுப்போயிருக்கு, என் தப்புதான்."

தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. பெண்களின் கை நின்றது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த காத்தவராயன் எல்லாவற்றையும் நின்று கேட்டார். "கம்ப்யூட்டரு காலைல இல்லன்னுச்சாம், இப்ப பாஸுங்குதா டீச்சரு? இவளும் சரின்னு வேலைக்கு வந்துட்டா. நாங்களும் மனச தேத்திக்கிட்டோம். சாயங்காலம் மறுபடி இல்லன்னா என்னா பண்றது?" அதில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அப்படியெல்லாம் மாறாதுங்க, இதுதான் நிஜம், இது ஃபைனல் என்று ரேகா அடுக்கிக்கொண்டே போனாள், தன் குரலே தனக்கு வேறு யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது.

"எப்புடி மிஸ் தெரியும்?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"பாத்தேன்டி. எங்கண்ணால ஸ்கிரீன்ல பாத்தேன்."

"நானும் அப்புடித்தான் மிஸ் பாத்தேன்."

எதை நம்புவது, எதைச் சந்தேகப்படுவது, எப்போது இன்னொரு தடவை பார்ப்பது, இதைத் தனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள், மார்க் ஷீட் கைக்கு வர இன்னும் நாள் இருக்கிறதே, அதுவரைக்கும் இந்தப் பெண்... ரேகா கையை விடாமல் நின்றாள், தமிழ்ச்செல்வியின் இன்னொரு கை இறால் குவியலுக்குத் திரும்பிப் போனது.