துறைக்குச் சொந்தமான ஒப்பாரி

கள்ளக்குறிச்சியில் இளமாறன் எம்.ஏ. படித்த தமிழ்த்துறையில் சாதி என்ற சொல் காதிலேயே விழாது. பண்பாடு என்பார்கள். பேராசிரியர் காசிநாதன் ஆய்வுத் தலைப்புகளையும் பண்பாட்டு முறைப்படியே பங்கு போட்டார். கல்வராயன் மலையிலிருந்து வந்த பாவாடைக்கு மலைப்பாட்டு; அவன் கேட்டதென்னவோ சங்கக் காதல் பாட்டு. நிலபுலன் உள்ள வீட்டு அருள்மொழிக்கு நலுங்குப் பாட்டு. களமருதூர்க் கூலிவீட்டுப் பிள்ளை இளமாறனுக்கு ஒப்பாரி. அவரவர் வீட்டிலேயே பதிவு செய்துவர வேண்டும். ஒலிநாடா இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையே சார் என்றான் இளமாறன். அவசரமில்லை என்றார் அவர்.

அது எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில் அவன் அப்பா பச்சமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வாடகை வேன் எலவனாசூர்கோட்டையைத் தாண்டவில்லை. ரோட்டின் குறுக்கே புளியமரம் வெட்டிக் கிடந்தது. அம்மா இருசம்மாள் மரத்தின்மேல் ஏறி நின்று, கண்ணில் பட்ட தலைகளையெல்லாம் பார்த்து வழிவிடச் சொல்லிக் கத்தினாள். இரக்கப்பட்டு வந்தவர்கள் நாலு பேர். மரத்தைப் புரட்ட நாற்பது பேர் வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவின் தொண்டையும் போய்விட்டது.

காரியத்துக்கு முந்தின நாள் காசிநாதன் மாலையோடும் டேப் ரிக்கார்டரோடும் வந்தார். மாலையைப் படத்துக்குப் போட்டார். மற்றதை அம்மா முன்னால் வைத்துப் பொத்தானை அழுத்தினார். இளமாறன் தடுக்கவில்லை. உள்ளே சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாவாண்டா வேணும் அவுருக்கு?" என்றாள் அம்மா. முக்கால்வாசி காற்றுதான் வந்தது.

"நீ அழுவணுமாம், அம்மா. என் படிப்புக்கு."

அவள் முயன்று பார்த்தாள். "வர்லடா. பேட்டரி தீந்துடப் போவுது, நிறுத்தச் சொல்லு."

அடுத்த வாரம் வகுப்பில் நாடா ஓடியது. ஒரு கோழி கொக்கரித்தது. யாரோ சொம்பைக் கீழே வைத்தார்கள். அம்மா பேசியது வெறும் இரைச்சலாகக் கேட்டது. காசிநாதன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இந்த மௌனம்தான் அதிகாரத்துக்கு எதிரான பண்பாட்டுக் குரல் என்றார். முதல் மதிப்பெண்ணும் இதற்குத்தானாம். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இளமாறனும் பாதி எழுதிவிட்டுத்தான் எழுந்தான்.

"அது மௌனம் இல்ல சார். மரத்துமேல நின்னுகினு கத்தி, தொண்ட கட்டிக்கிச்சி."

காசிநாதன் தாடையைத் தடவினார். "அதை அடிக்குறிப்பாப் போட்டுடு. நல்ல தரவு."

"வாணாம் சார். டேப்பக் குடுங்க. வூட்டுக்கு எடுத்துகினு போறேன்."

தேர்ச்சி வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். நாடா துறைக்குச் சொந்தம் என்று கோபமே இல்லாமல் சொல்லி, அலமாரியில் வைத்துப் பூட்டினார் அவர்.

இளமாறன் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த பாவாடை குனிந்து கேட்டான்.

"இப்ப அம்மாவுக்குத் தொண்ட பரவால்லியாடா?"

இளமாறன் யோசித்துப் பார்த்தான். அதை அவனும் இன்னும் கேட்டிருக்கவில்லை.