நாலாம் நம்பர் பெட்டி

குமரவேல் துணியைப் பிரித்து முதலில் காலைப் பார்த்தான். இடது கணுக்காலில் இருக்க வேண்டிய பட்டை இல்லை. வலது காலையும் தூக்கிப் பார்த்தான். அதிலும் இல்லை. ஊசி குத்திய புள்ளிகள்தான் இரண்டு குதிகால்களிலும் நிறைந்திருந்தன.

"சிஸ்டர், பேர் எழுதின பட்டை எங்க?"

"அது லூசாட்டு இருந்துண்ணே. கழண்டு கழண்டு விழும். அதான் பிள்ளைய வச்சிருந்த கண்ணாடிப் பெட்டில ஒட்டியிருந்தோம்" என்றாள் ரோஸ்லின்.

"பெட்டில ஒட்டினா அது பெட்டியோட பேரு. புள்ளைக்கு?"

ரோஸ்லின் துணியை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்தவள். பிறந்த ஐம்பத்தெட்டு நாளில் பாதிக்கு மேல் இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். காலையிலிருந்து அழுததில் மாஸ்குக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன. அந்த வீக்கத்தையும் குமரவேல் நம்பவில்லை. தப்புச் செய்தவர்களும் அழுவார்கள்தானே.

ஹப்சிகுடாவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பச்சைக் குழந்தைகள் வார்டை ஒட்டி, வீட்டாரிடம் பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை. அரைமணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் அபிநவ் அங்கே வந்து, தெலுங்கு மரியாதையில் "சாரி அண்டி" என்று கையைக் குவித்தார். ஏழாவது மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த ஆண் பிள்ளை. குடலில் கிருமி. ஒன்பது நாற்பதுக்கு முடிந்துவிட்டது. அதையெல்லாம் குமரவேல் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தான். பிறகு டேப், குழாய், குல்லா எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் கிடத்தினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தன் பிள்ளையின் முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. புருவம்வரை குல்லா, மூக்கின் மேல் மூச்சுக்கான மாஸ்க், கன்னம் இரண்டிலும் டேப், வாயில் பால் குழாய். போனில் இருந்த இருபது முப்பது படத்திலும் தெரிந்தது மோவாய் மட்டும்தான். மிச்சத்தை அவனே கற்பனை செய்து வைத்திருந்தான். தன் அப்பாவின் எடுப்பான மூக்கு, மனைவி சுமலதாவின் கண். மூக்கும் முழியுமாக ஒரு பையன். மேஜையில் கிடந்ததோ சப்பை மூக்கும் அகன்ற நெற்றியுமாக ஒரு முகம். குடும்பத்தில் யார் ஜாடையும் இல்லை.

சந்தேகம் அவனோடு கூடவே பிறந்தது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததை வண்டியிலிருந்து இறங்கிப்போய்ப் பார்ப்பான். எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைப்பான். மௌலா அலி யார்டில் சரக்கு வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிக்கும் வேலை அவனுக்கு. சந்தேகப்படத்தான் ரயில்வே சம்பளம் கொடுக்கிறது என்று சொல்லிக்கொள்வான். இந்த ஆஸ்பத்திரியிலும் ஐம்பத்தெட்டு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் திரிந்தான். எந்த நர்ஸ் கை கழுவாமல் உள்ளே போனாள், எந்த மிஷின் கத்தும்போது யார் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"முந்தாநாள் வரைக்கும் நாலாம் நம்பர் பெட்டி. அப்பறம் ஏழு. கைக்கு, எதுக்கு மாத்தினீங்க?"

"இன்ஃபெக்‌ஷன் வந்தா தனியா வைக்கணும்லாண்ணே. உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே."

"நாலுல இப்ப யாரு?"

"அது வேற பேபி."

"அதான் எங்க புள்ள" என்றான் குமரவேல்.

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. ஏழாம் நம்பரில் செத்தது வேறு யாருடைய பிள்ளையோ என்றால், அவன் பிள்ளை நாலாம் நம்பரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாகச் சந்தேகம் அவனுக்குப் பொல்லாப்பைத்தான் சம்பாதித்துக் கொடுத்தது. இன்றைக்கு அதை விட்டால் அவனுக்கு வேறு பிடிப்பு இல்லை.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே வார்டு தெரிந்தது. குமரவேல் போய் நின்றான். நாலாம் நம்பர் பெட்டிக்குள் ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதே குல்லா, அதே டேப், அதே அளவு. பக்கத்தில் அம்மாக்கள் போடும் பச்சை கவுனில் ஒரு பெண். அவன் பார்வையை அவள் கவனித்தாள். பிறகு பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா, மறைக்கிறா! அந்தப் புள்ளையோட டேப்ப எடுங்க. மூஞ்சியப் பாக்கணும்."

"எடுக்க முடியாதுண்ணே. அது இருந்தாதான் அந்தப் பிள்ளைக்கு மூச்சு."

"நக்கோ சிஸ்டர், வேணாம். எங்கிட்ட கதை வுடாதீங்க. பெரிய டாக்டரக் கூப்டுங்க, போலீசக் கூப்டுங்க. எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

ரோஸ்லின் மெதுவாகக் கேட்டாள்: "அக்காகிட்ட யாருண்ணே சொல்லுகது?"

சுமலதா பக்கத்து அறையில் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் நிறுத்தி இரண்டு நாளாகியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்காவிட்டால் சுரப்பு நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவள் நேரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். நம்ம புள்ளையே இல்லங்கறேன், என்னத்தச் சொல்றது?"

கதவு திறந்தது. மூடிபோட்ட சின்ன டப்பாவோடு சுமலதா நின்றாள். "முப்பது எம்.எல். வந்துச்சு சிஸ்டர்" என்றாள். அப்புறம்தான் மேஜையைப் பார்த்தாள்.

ரோஸ்லின் போய் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சுமா, பயப்படாத" என்றான் குமரவேல் அவசரமாக. "இது நம்மது இல்ல. மாத்திட்டாங்க. நாலுல இருக்கறதுதான் நம்மது. இந்த மூக்கப் பாரு, நம்ம ரெண்டு வூட்லயும் யாருக்கு இந்த மூக்கு? நீ சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாங்க."

சுமலதா அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக நாலாம் நம்பரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று குமரவேலுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அவள் மட்டும் தலையாட்டியிருந்தால் அவன் கண்ணாடியை உடைத்திருப்பான்.

அவள் திரும்பிவந்து குழந்தையை எடுத்தாள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து, கவுனின் முடிச்சைத் தளர்த்தி, துணியை விலக்கிக் குழந்தையை வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். மூன்று வாரமாக, குழாயோடும் ஒயரோடும், தினம் ஒரு மணிநேரம் இப்படித்தான் வைத்திருந்தாள். தோலோடு தோல் பட்டால் குழந்தை தேறும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். அப்பாக்களும் வைத்துக்கொள்ளலாம். ரோஸ்லின் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். இவர்கள் வேலையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று குமரவேல் வீட்டில் சொன்னான். என் உடம்பெல்லாம் கிரீஸ், கிருமி ஒட்டும் என்று ரோஸ்லினிடம் சொன்னான். தன் கையில் இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

சுமலதாவின் விரல் குழந்தையின் காதுக்குப் பின்னால் போய் நின்றது.

"இங்க முடியில்ல" என்றாள். "எப்பவும் இந்தப் பக்கமே படுத்துத் தேஞ்சு போச்சு."

"சுமா, மூக்கு..."

"மாஸ்க் அழுத்தி அப்படி ஆயிடுச்சுங்க. டேப் மாத்தறப்ப ரெண்டு தரம் நான் பாத்திருக்கேன்." விரலை எடுக்காமலே, "வளந்தா சரியாயிடும்னாங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"ஹவ்" என்று தலையாட்டினாள் சுமலதா. "நம்மதுதாங்க."

விரிசல் இல்லாத சக்கரத்தை அவன் இரண்டாம் தடவை தட்டுவதில்லை. சோபாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். குழந்தையைக் கொண்டுபோக அண்ணன் புருஷோத்தமன் வண்டியோடு தார்நாக்காவைத் தாண்டிவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. அவன் பதில் போடவில்லை.

வார்டில் ஏதோ ஒரு மிஷின் கத்தியது. யாரோ ஓடினார்கள். குமரவேல் திரும்பவில்லை.

"நீங்களும் கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க" என்றாள் சுமலதா.

"நக்கோ" என்று பழக்கத்தில் வாய் சொன்னது. "கிரீஸ்..."

"இனிமே என்ன ஆயிடப்போவுது?"

அவன் எழுந்து சோபாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கடைசிப் பொத்தான் வரவில்லை. சுமலதா ஒரு கையால் அதைக் கழற்றிவிட்டு, குழந்தையை அவன் நெஞ்சில் வைத்தாள். இவ்வளவு கனம் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"தல எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல. அவனுக்கு அதான் புடிக்கும்."

குமரவேல் திருப்பி வைத்தான். வெள்ளைத் துணியை இழுத்து முதுகை மூடினான். அதுவும் போதாமல் சட்டையின் இரண்டு ஓரத்தையும் கொண்டுவந்து மேலே மூடினான். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களோடு ரோஸ்லின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டர்" என்றான் குமரவேல், குரலைத் தாழ்த்தி. "ஏசி ஜாஸ்தியா இருக்குது. கொஞ்சம் கொறைங்க."

ரோஸ்லின் காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தேடினாள்.