பேஸ் வாசித்தவன்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. ஒரு நாளைக்கு ஆறு கட்டடம், சில நாள் ஏழு. மற்ற நேரமெல்லாம் காரில்தான். மதியச் சாப்பாடும் காரில், மேலதிகாரியிடம் வாங்கும் வசவும் காரில். அந்த வருடம் போனஸ் வந்ததும் காருக்கு, அடிச்சத்தத்தை அதிரவைக்கும் ஒரு நல்ல சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கப் போவதாக மனைவியிடம் சொன்னான்.

“இருக்கிற ஸ்பீக்கருக்கு என்ன குறைச்சல்?” என்றாள்.

“அதுல பாடுறவன் மட்டும்தான் கேக்குறான். அடியில ஒண்ணுமே இல்ல. ராக் பாட்டை அப்படிக் கேக்குறது உப்பில்லாமத் திங்கிற மாதிரி.”

“காது போயிடும்.”

“போகட்டும். உன் பேச்சும் கேக்காது.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாளும் அதே பேச்சை எடுத்தாள். கார் பேட்டரி தாங்குமா, டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டால் கருவிகளை எங்கே வைப்பது, வீட்டில் ஃபிரிட்ஜ் வேறு மாற்ற வேண்டியிருக்கிறதே. காசை நினைத்துத்தான் மல்லுக்கு நிற்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். “நீயும் வா, நீயே பார்த்து எடு” என்று சனிக்கிழமை காலை அவளையும் அழைத்துக்கொண்டு போனான்.

கடை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூன்று கார் நிற்கும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. நடத்துபவள் ஒரு பெண். காதில் பென்சில், முழங்கை வரை பசை. அவன் கண் நேராக ஒரு பன்னிரண்டு அங்குல சப்வூஃபரில் போய் நின்றது. சுற்றிலும் நீல விளக்கு, அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் இரண்டாயிரம் வாட்ஸ்.

“அந்த நம்பரைப் பாக்காதீங்க சார்,” என்றாள் கடைக்காரி. “அது ஒரு நொடி மூச்சைப் பிடிச்சுத் தூக்குற எடை. நாள் பூரா எவ்வளவு தூக்கும்னு உள்ள பொடி எழுத்துல போட்டிருப்பான். என்ன பாட்டு கேப்பீங்க?”

“ராக்.”

“அப்ப இதை எடுங்க. பத்து அங்குலம், மூடின பெட்டி. ஓட்டை வச்ச பெட்டின்னா தெருவே அதிரும். ஆனா டிரம்காரன் அடிச்சு முடிச்ச பிறகும் ஊம்முனு இழுத்துக்கிட்டே நிக்கும். ராக்குல அடி விழுந்தா விழுந்த இடத்துலயே நிக்கணும்.”

“சத்தம் கம்மியா இருக்காதா?”

“கம்மிதான். ஆனா பேஸ் கிட்டார்ல ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக் கேக்கும்.”

அந்த ஒரு வார்த்தையில் அவன் விழுந்துவிட்டான். ஆம்ப்ளிஃபயரில் விலை குறைந்ததைத் தொட்டபோது கடைக்காரி வேண்டாமென்று தலையாட்டினாள். “இந்த ஸ்பீக்கர் நிதானமாத் தாங்குறது முந்நூறு வாட்ஸ். ஆம்ப்பும் நிதானமா முந்நூறு குடுக்கணும். சின்ன ஆம்ப்பை வாங்கிட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கினீங்கன்னா, அதுதான் ஸ்பீக்கரைக் கொல்லும்.”

அவள் சொன்னதையே எடுத்தான். பொருத்த இரண்டு மணி நேரம் ஆனது. முடித்தவுடன், நன்றாகப் பழகின பாட்டு ஏதாவது இருந்தால் கொடுங்கள், அதை வைத்து அளவு பிடிக்கிறேன் என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தான்.

“இது எங்க பாட்டு. நான்தான் பேஸ்.”

“வேற ஏதாவது போடுங்களேன்,” என்றாள் மனைவி. யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

பதினாறு வருடங்களுக்கு முன் நான்கு பேர் சேர்ந்து வைத்திருந்த குழு அது. பாட்டும் கிட்டாரும் மனைவியின் அண்ணன். அப்போது அவள் வெறும் பாட்டுக்காரனின் தங்கை, இன்னும் இவனுக்கு மனைவியாகவில்லை. பேஸ் வாசித்த இவனுக்கு ‘இடி’ என்று பட்டப்பெயர். நான்கு நாள் ஒரு ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்துப் பதிவு செய்தார்கள். சிடி வந்தபோது பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. “மிக்ஸிங்ல உன்னை அமுக்கிட்டாங்கடா,” என்றான் மச்சான். அந்த வயிற்றெரிச்சலில் இவன் அந்த சிடியைப் போடுவதே அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் தான் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தான். நல்ல கருவி கிடைத்தால் தோண்டி எடுத்துவிடலாம்.

கடைக்காரி மூன்றாவது பாட்டைப் போட்டாள்.

முதல் அடியிலேயே இருக்கை முதுகில் குத்தியது. பின்னால் பேஸ் கிட்டார், கடைக்காரி சொன்னது போலவே, ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக. டக் டக்கென்று பிளாஸ்டிக் சில்லு கம்பியில் பட்டு எழும் கறாரான சத்தம். அவன் வாழ்நாளில் பிக் பிடித்து வாசித்ததில்லை. எப்போதும் இரண்டு விரல்தான். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மேல் கம்பி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போவானே, அந்த இடம் வந்தது. வழுக்கல் இல்லை. நாலு நோட்டு, நறுக்கென்று.

நன்றாக இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

“சார், பேஸ் பிரமாதம்!” கடைக்காரி ஜன்னலில் குனிந்து சொன்னாள். “டிரம்முக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மயிரிழை விலகல. பிக் வச்சுத்தானே வாசிச்சீங்க?”

“ஆமா,” என்றான்.

திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிப்போவைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான்.

“யாரு வாசிச்சது?”

“அண்ணன்.”

“எப்போ?”

“நாலாம் நாள். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. ஒரே பகல்ல எல்லாத்தையும் முடிச்சான்.”

அதே பாட்டுகளை வாசித்து முடிக்க இவனுக்கு மூன்று நாள் பிடித்திருந்தது.

“நீ எங்க இருந்தே?”

“அங்கதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.”

“ஏன் சொல்லல?”

“முதல்ல, நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு அண்ணன் சொன்னான். அப்புறம் கல்யாணம். அப்புறம் எந்த நாள்ல சொல்றது? எந்த நாள் தோதா இருந்துச்சு, சொல்லுங்க.”

“டிரம்ஸ்காரனுக்குத் தெரியுமா?”

“அவன்தான் உங்ககிட்ட சொன்னானே.”

சொன்னான்தான். சிடி வந்த மறு வருடம் ஒரு ஒத்திகையில் வாய்ச்சண்டை முற்றி, “அந்த சிடியில நீ வாசிக்கவே இல்லடா” என்றான். இவன் ஓங்கி முகத்தில் குத்தினான். முன்பல் பாதி போனது. குழு அன்றோடு கலைந்தது. பொறாமையில் புளுகுகிறான் என்று மச்சான் ஊரெல்லாம் சொன்னான், இவனும் சேர்ந்து சொன்னான். இவனும் டிரம்ஸ்காரனும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள்.

“அன்னிக்கு என் கையில ரத்தத்தைக் கழுவி விட்டியே. கிடக்கிறான் பொய்க்காரன், விடுங்கன்னு சொன்னியே.”

“சொன்னேன்,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனதும் மச்சானுக்குப் போன் செய்தான். மறுமுனையில் முதலில் சிரிப்பு வந்தது. “இத்தனை வருஷம் கழிச்சு இதுக்கா கூப்பிட்டே? சிடி உறையில யார் பேரு இருக்கு? உன் பேருதானே? என் வாசிப்பைத் தூக்கி உனக்குக் குடுத்திருக்கேன். விட்டுக்கொடுத்தது நான்டா.” நன்றியை எதிர்பார்க்கிற குரல். இவன் போனை வைத்துவிட்டான்.

டிரம்ஸ்காரன் மருந்துக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். திங்கட்கிழமை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அங்கே போனான். வரிசையில் நின்றான். முன்னால் நின்ற பெண் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் கண்ணாடி மேடைக்கு அந்தப் பக்கம் அவன். தலை வழுக்கையாகியிருந்தது. கட்டிய பல் மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது.

“நீ சொன்னது நிஜம்டா,” என்றான் இவன். “இப்பத்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிடு.”

டிரம்ஸ்காரன் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். “எப்படித் தெரிஞ்சுது?”

“காருக்கு சப்வூஃபர் போட்டேன்.”

“சப்வூஃபர் சொன்னா நம்புவே. நான் சொன்னா நம்ப மாட்டே.”

டிரம்ஸ்காரன் ஓர் அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தான்.

“அடிச்சதை அன்னிக்கே மறந்துட்டேன்டா. ஆனா அதுக்கப்புறம் ஒரு குழுவிலயும் என்னைச் சேத்துக்கல. போன இடமெல்லாம், கூட வாசிக்கிறவனைப் பத்திப் புளுகுறவன்னு பேச்சு. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அப்புறம் டிரம்ஸை வித்துட்டு இதுல உக்காந்தேன்.”

“நான் வேணா எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“யார்கிட்ட? யாருக்கு இப்ப ஞாபகம் இருக்கு?” பின்னால் ஒரு கிழவர் மருந்துச் சீட்டை நீட்டினார். அவன் அதை வாங்கிப் படித்தபடியே சொன்னான். “உனக்குச் சொல்லி முடிச்சாச்சு. லேசாயிடுச்சு. எனக்கு இனிமே வீட்டுக்குப் போய், உன்னையே நெனச்சுக்கிட்டுக் கிடக்கணும். தள்ளி நில்லு, ஆள் நிக்கிறாங்க.”

தள்ளி நின்றான். கிழவர் போனார், இன்னொருவர் வந்தார், அவரும் போனார். டிரம்ஸ்காரன் நிமிரவேயில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறார்களாம். இருபது நிமிடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு அவன் வெளியே நடந்தான்.