மரம் தேடும் ஆட்டம்

காலை ஆறே முக்காலுக்குக் கிரீஷ் தன் ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என் வயிற்றின் மேல் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐந்து வயதாகிறது. அம்மா என்று இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனால் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஏழாம் நாள் காலையில் ஷூவோடு வந்து நின்றுவிடுவான். டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லி ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தார். ஃபைல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

லேக்குக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். லேக் என்றால் தெற்குக் கல்கத்தாவில் எல்லோருக்கும் அந்த ஒரே லேக்தான். டோல் பண்டிகை, அதாவது இந்த ஊர் ஹோலி, முடியும்வரை ஞாயிறு விளையாட்டு கிடையாது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்கள். அதை நம்பிப் போன வாரம் இவனை வீட்டிலேயே வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் நெற்றியால் வாசற்கதவை இடித்தான். கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து, தச்சு வேலை ஏதாவது நடக்கிறதா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

"அழைச்சிண்டு போங்கோ. அங்க ஒருத்தரும் இருக்கப்போறதில்லை. மரத்தையாவது தொட்டுட்டு வரட்டும்" என்றாள் வித்யா. என் மனைவி வித்யாலக்ஷ்மிக்கு அந்தக் குழுவின் மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. நான்தான் எல்லோரையும் சந்தேகப்படாதே என்று அவளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது, அதனால் நிறுத்துகிறோம் என்று செய்தி வந்த அன்று, மாசி மாசத்தில் என்ன வெயில் என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் குழுவே நான் ஆரம்பித்தது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். மூன்று நர்சரிப் பள்ளிகள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் போகட்டும் சார் என்று எங்களை வழியனுப்பி வைத்த பிறகு, போன டிசம்பரில் இவனை லேக்குக்கு அழைத்துப்போக ஆரம்பித்தேன். அங்கேதான் சுபிக்ஷா அறிமுகமானாள். கோயம்புத்தூர்ப் பெண். கணவனுக்கு ஐ.டி. வேலை, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் போனில் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, ஆறு வயது மகள் மஹிமாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணா, நீங்க தமிழுங்களா?" என்றாள். கண்ணில் தண்ணீர். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர் டாலிகஞ்சில். என் பெங்காலியைக் கேட்டால் மீன்காரன்கூட என்னை வாடிக்கைக்காரனாக நினைத்துக் கூப்பிடுவான். ஆகவே எதிர்க் கட்டடத்துப் பர்ணாலிதியையும் அவள் மகன் புப்லாயையும், அவள் மூலமாக இன்னும் நாலு குடும்பங்களையும் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். சுபிக்ஷாவுக்குக் கரியாஹாட் மார்க்கெட்டில் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

வியாழக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் எழுதுவேன். அழுக்கானால் பரவாயில்லாத சட்டை. பழைய முட்டை அட்டை ஒன்று. முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி. முட்டை அட்டையின் குழிகளுக்கு ஆளுக்கொரு நிறம் பூசிவைத்திருப்போம். அந்தந்த நிறத்தில் தரையில் கிடப்பதைப் பொறுக்கிக் குழியில் போட வேண்டும். பறிக்கக் கூடாது, விழுந்ததுதான் எடுக்கலாம். சிவப்புக்கு இலவம்பூ, மஞ்சளுக்குப் பழுத்த வேப்பிலை. பெயர் தெரியாத விதைகளெல்லாம் பழுப்புக்கு. பிறகு சேற்றில் ரசம் வைப்பது, கண்ணை மூடிக்கொண்டு குயில் எத்தனை தடவை கூவியது என்று எண்ணுவது. பதினெட்டு வருஷமாக பேங்கில் படிவம் தயாரித்து வாங்கிய பயிற்சி இதற்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

எல்லாவற்றிலும் பெரிய ஆட்டம் மரம் தேடுவது. குழந்தையின் கண்ணைத் துணியால் கட்டி, சுற்றிச் சுற்றி நடத்திப்போய் ஒரு மரத்தின் முன் நிறுத்துவோம். அது மரத்தைக் கட்டிக்கொள்ளும், முகர்ந்து பார்க்கும், பட்டையில் கன்னத்தைத் தேய்க்கும். மறுபடி திரும்ப அழைத்து வந்து கட்டை அவிழ்த்துவிட்டால் எந்த மரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்ற குழந்தைகள் பாதி நேரம் தப்பு மரத்தைப் பிடிக்கும். கிரீஷ் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. துணி கட்டினால் பிய்த்து எறிவான், அதனால் தானே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். திரும்பி வந்ததும் நேராகப் போய்த் தன் மரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்பான். பசங்கள் "கிரீஷ், கிரீஷ்" என்று கத்துவார்கள். என் பிள்ளையின் பெயரை வேறு குழந்தைகள் சத்தம் போட்டுக் கூப்பிட்ட இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அட்மிஷன் ஃபாரம் கிடையாது, இன்டர்வியூ கிடையாது. அது கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

தப்பு எங்கள் பக்கம் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிரீஷ் இலவம்பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது பூவாவது இருக்கும். புப்லாய் ஓடிவந்த வேகத்தில் வரிசையைக் காலால் எத்திவிட்டான். கிரீஷ் அவன் கையைக் கடித்தான். ரத்தம் வரவில்லை, ஆனால் பல் தடம் ஐந்தும் தெளிவாகப் பதிந்திருந்தது. நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு அவர்கள் வீட்டுக்குப் போய் மறுபடியும் கேட்டேன். புப்லாய் கையைக் காட்டிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டான். பர்ணாலிதி, "கிச்சு ஹொய்னி, மஹாதேவ்தா" என்றாள். ஒன்றும் ஆகிவிடவில்லை, மஹாதேவ் அண்ணா என்று அர்த்தம். அடுத்த வாரமே அந்த வெயில் செய்தி வந்தது.

இந்தக் கதையெல்லாம் கிரீஷுக்குத் தெரியாது. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என் கையை இழுத்துக்கொண்டு நடந்தான். காற்று நன்றாக இருந்தது. தண்ணீரோரத்தில் தொப்பை குறைக்க வந்தவர்கள் தொப்பையோடு நடந்துகொண்டிருந்தார்கள். இலவமரத்தடியில் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்தேன். பத்தடி போன பிறகுதான் மஹிமாவை அடையாளம் தெரிந்தது.

அத்தனை பேரும் இருந்தார்கள். ஆறு குடும்பமும். பெண்கள் மஞ்சள் புடவை, ஆண்கள் மஞ்சள் குர்தா, குழந்தைகள் தலையில் மஞ்சள் பூ. வசந்தத்துக்கு மஞ்சள் உடுத்துவது இந்த ஊர் வழக்கம், ஆனால் இத்தனை பேர் ஒரே நாளில் ஒரே மாதிரி வர வேண்டுமானால் யாரோ நாலு நாள் முன்னால் எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் எழுதவில்லை. அப்படியென்றால் வேறு குழு இருக்கிறது. புல்லில் முட்டை அட்டைகள் கிடந்தன. ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டி மரத்தை நோக்கி நடத்திப்போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கிரீஷ் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான். ஓடும்போது அவனுக்கு ஒரு சத்தம் வரும், சந்தோஷம் வந்தால் மட்டும் வருகிற சத்தம். அந்தச் சத்தத்தோடு போய் அவர்கள் நடுவில் நின்றான்.

பர்ணாலிதி புப்லாயைத் தன் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒரு அப்பா குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அவர் போட்டிருந்தது செருப்பு. சுபிக்ஷாதான் எழுந்து என்னிடம் வந்தாள்.

"இன்னிக்குத் திடீர்னு முடிவு பண்ணுனதுங்கண்ணா" என்றாள்.

நான் அவள் மஞ்சள் ரவிக்கையைப் பார்த்தேன். புதுசாகத் தைத்தது. அவளுக்கும் நான் பார்த்தது தெரிந்தது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. குழந்தைங்க பயப்படறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"அதனாலென்ன, பரவாயில்லை" என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். அசடு வழிவதில் எனக்கு நிகர் கிடையாது. கவுண்டரில் எவன் என்ன திட்டினாலும் சிரித்துப் பழகின முகம், தன் பிள்ளைக்காகக்கூட ஒரு நிமிஷம் கறுக்கத் தெரியவில்லை. டோல் முடிந்ததும் கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று அவள் சொன்னாள். அதையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பயந்த குழந்தை எது என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மஹிமா கிரீஷின் தோளைப் பிடித்துக் கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் இறுக்கி மூடிக்கொண்டான். நடத்திப்போய் ஒரு மரத்தைத் தொட வைத்துவிட்டுத் திரும்ப அழைத்து வந்து மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். அவன் தள்ளாடிக்கொண்டே நேராக அந்த மரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டான். "கிரீஷ், கிரீஷ்" என்று கத்தினார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினது புப்லாய். அம்மாவின் பிடியிலிருந்து நழுவி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, அவனும் மரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டான். அன்று பல் தடம் பதிந்த கை கிரீஷின் கைக்கு அரையடியில் பட்டை மேல் இருந்தது. அந்த நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நம்பினேன்.

பர்ணாலிதி கை தட்டினாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஃபோட்டோ எடுத்துவிடலாம், எல்லோரும் வாருங்கள் என்று பெங்காலியில் கூப்பிட்டாள். ஆட்டம் அத்தோடு கலைந்தது. புப்லாயைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசையில் நிறுத்தினாள். பெரியவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால், மரம் என் பார்வைக்கு இடப்பக்கம். ஆளுக்கு ஆள் முந்தானையைச் சரிசெய்தார்கள். யார் எடுப்பது என்று ஒரு பேச்சு எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. சுபிக்ஷா தன் போனை என்னிடம் நீட்டினாள். நீங்களும் வந்து நில்லுங்கள் என்று ஒருவராவது ஒப்புக்குச் சொல்வார்கள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

திரையில் அத்தனை மஞ்சளும் அடங்கியது. இடது ஓரத்தில் கிரீஷும் இருந்தான். ஃபோட்டோ, வரிசை ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. நீலச் சட்டையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். எடுக்கலாமா என்று கேட்டேன். சிரிப்பைக் கலைக்காமல் அப்படியே நின்றார்கள். அவனைக் கூப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. பர்ணாலிதியின் கண் மட்டும் ஒரு தடவை மரத்தின் பக்கம் போய் வந்தது. அடுத்த ஞாயிறு, டோல், அதற்கடுத்த ஞாயிறு என்று என் மனசு வேகமாக எதையோ கூட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒரு படத்தை மட்டும் கெடுக்காமல் இருந்துவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை போனை ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்த்தியது.

திரையில் மரம் பாதி போய்விட்டது. நீலச் சட்டையின் விளிம்பும் ஒரு முழங்கையும் இன்னும் தெரிந்தன. மறுபடியும் கொஞ்சம் நகர்த்தினேன்.