கவாஜிரியின் இருபத்தேழு சதவீதம்

அடுத்தவன் கடையில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணுவதற்குச் சம்பளம் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். குசுனோகி மசாத்தோ முப்பது வருடமாக அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தினார். அகிதா வட்டாரத்தில் முப்பத்தெட்டுக் கடை வைத்திருக்கும் ஹனகுமா சூப்பர் மார்க்கெட்டின் திட்டத் துறையில் அவருக்கு வேலை. வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு பெரிய அட்டவணை போடுவார். வட்டாரத்தில் உள்ள நாலு நிறுவனங்களுக்கும் சந்தையில் ஆளுக்கு எவ்வளவு பங்கு, சதுர அடிக்கு என்ன விற்பனை, நூறு யென் விற்றால் கையில் எத்தனை நிற்கிறது, எல்லாம் ஒரே தாளில் வரிசையாக நிற்கும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் எந்தக் கடையை வைத்திருப்பது, எந்தக் கடையை மூடுவது என்று மேலே முடிவு செய்வார்கள்.

நாலில் இரண்டு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இருப்பவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் வயிற்றைத் தாங்களே திறந்து காட்டிவிடும். பரம எதிரியான தொரிமியாதான் தலைவலி. குடும்பச் சொத்து, வாயே திறக்க மாட்டார்கள். அதற்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. கடை திறந்ததும் போய் ஒரு டப்பாக் காப்பி வாங்க வேண்டியது, மூடும் நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று வாங்க வேண்டியது. இரண்டு ரசீதின் வரிசை எண்ணையும் கழித்தால் அந்த இடத்தில் அன்றைக்கு எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தெரிந்துவிடும். ரசீது கொடுக்கும் இடம் எத்தனையோ அத்தனையால் பெருக்கினால் மொத்தக் கூட்டமும் கிடைக்கும்.

ஜனவரியில் கவாஜிரி என்ற கடலோர ஊரில் குசுனோகி அப்படித்தான் எண்ணினார். பணம் கட்டும் ஓர் இயந்திரத்தில் இருநூற்று எண்பத்துமூன்று பேர். பன்னிரண்டு இயந்திரங்கள். சுமாராக மூவாயிரத்து நானூறு. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஹனகுமா கடைக்கு ஆயிரத்து ஐநூறு பேர்தான் வந்தார்கள். மீதி அறுநூறு பேர் மளிகையும் விற்கும் மருந்துக் கடைக்கு. கவாஜிரியில் ஹனகுமாவின் பங்கு இருபத்தேழு சதவீதம் என்று அட்டவணையில் எழுதினார். முப்பதுக்குக் கீழே போய், இரண்டு வருடம் நஷ்டமும் இருந்தால் கடையை மூடுவது நிறுவனத்தின் விதி. நஷ்டம் ஏற்கெனவே இரண்டு வருடமாக இருந்தது. போன வருடம் முப்பத்தெட்டாக இருந்த பங்கு ஒரேயடியாக இப்படிச் சரிந்ததே என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. தொரிமியா இலையுதிர் காலத்தில் கடையைப் புதுப்பித்து, பணம் கட்டும் புது இயந்திரங்களும் வைத்திருந்ததால் அதன் வேலைதான் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

இதை முடிவு செய்யும் நிர்வாகக் கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயந்திரம் அவர் கவாஜிரிக்குப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விலைப் பட்டியல் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தொரிமியாவில் சுட்ட மீனுக்குப் பாதி விலை ஒட்டும் நேரம், நல்ல கூட்டம். மூன்றாம் நம்பர் கல்லாவில் இருந்த பெண் பொருளை ஸ்கேன் செய்து கணக்குப் போட்டாள். பணம் கட்ட, பக்கத்தில் இடதும் வலதுமாக இரண்டு இயந்திரங்கள். குசுனோகி இடதில் கட்டினார். ரசீது எண் நூற்று அறுபத்தாறு. வலது பக்கம் ஒரு கிழவர் கட்டி முடித்து, தன் ரசீதை அங்கே இருந்த வேண்டாத ரசீதுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். பெட்டி நிரம்பியிருந்ததால் அது மேலேயே கிடந்தது. நூற்று அறுபத்தேழு.

முதலில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாசல் வரை போனார். அங்கே கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து பெட்டிக்குள் கையை விட்டு, ரசீதுகளில் அச்சாகியிருந்த எண்ணையும் இயந்திரத்தின் பக்கத்தையும் பார்த்தார். நூற்று அறுபத்தைந்து வலது. நூற்று அறுபத்துநாலு இடது. நூற்று அறுபத்துமூன்று மறுபடியும் இடது. எண் ஓடியது கல்லாவுக்கு, இயந்திரத்துக்கு அல்ல. கடையில் கல்லா ஆறுதான். அவர் பன்னிரண்டால் பெருக்கியிருந்தார்.

"சார், ரசீது ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?"

பச்சை ஏப்ரன் கட்டிய தொரிமியா ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்றார். சிரித்த முகம்தான், கண் மட்டும் குசுனோகியின் கையில் இருந்த அடுத்தவர்களுடைய ரசீதுகளின் மேல் இருந்தது.

"இல்ல... ஆமா. பாயின்ட் ஏறுச்சான்னு..."

"பாயின்ட் கார்டு காட்டுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

"பரவால்லங்க, பரவால்ல."

திருடனைப் போல வெளியே ஓடிவந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது, முதுகில் வியர்வை வழிந்தது. காருக்குள் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணாத குறையாகக் கணக்குப் போட்டார். ஆயிரத்து எழுநூறு. அப்படியென்றால் ஹனகுமாவின் பங்கு இருபத்தேழு அல்ல, முப்பத்தொன்பது. போன வருடத்தைவிட ஒன்று அதிகம். மூடவே தேவையில்லாத கடையை நாளைக் காலை பத்து மணிக் கூட்டத்தில் மூடுவதென்று முடிவு செய்யப் போகிறார்கள். அதற்குக் காரணம் தன் கையால் போட்ட ஒரு பெருக்கல்.

ரோட்டைத் தாண்டி ஹனகுமா கடை வாசலில் ஒரு பெண் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கவாஜிரி கிளையின் மேனேஜர் நொசே. நாற்பத்தைந்து வயது, துடுக்கான வாய். அவர் காரை அடையாளம் கண்டு கையசைத்து நிறுத்தினாள்.

"என்ன குசுனோகி சான், எதிரி கடையில காப்பி குடிச்சிட்டு எங்க வாசல்ல வந்து இளைப்பாறுறீங்களா?"

"விலை பாக்க வந்தேன்."

"இனிமே என்ன விலை பாக்குறது! உங்க துறைத்தலைவர் ஹிராகா புச்சோ போன வாரமே வந்து சொல்லிட்டாரே, மார்ச் கடைசியோட சரின்னு. நானும் காலையில எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டேன். நாப்பத்தோரு பேரு. ஒருத்தர்கூட அழல, தெரியுமா? எல்லாரும் எனக்கு 'உங்களுக்குத்தான் கஷ்டம்'னு குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க. அதுதாங்க தாங்கல."

கூட்டம் நடப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவது இந்த நிறுவனத்தில் புதிதில்லை. ஒவ்வொருவர் அறையாகப் போய்ப் பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்ட பிறகுதான் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டுவார்கள். குசுனோகி நொசேயின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "குளிரா இருக்கு, உள்ள போங்க," என்றார்.

ஆபீசுக்குத் திரும்பியபோது துறைத்தலைவர் ஹிராகா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். துறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பதவிப் பெயரான புச்சோ என்பதோடு சரி. ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தது. கிண்டல் பேர்வழி.

"என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்குற? மீன் முள்ளு தொண்டையில மாட்டிக்கிச்சா?"

குசுனோகி சொன்னார். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். ஹிராகாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து கவாஜிரிக் கடையை மூடும் தீர்மானத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மேல் ஓரத்தில் வரிசையாகச் சிவப்பு முத்திரைகள். ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளவரின் முத்திரையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து, வணங்குவதைப் போலக் குத்தப்பட்டிருந்தது. கடைக்கோடியில் நேராக நின்ற ஒன்றே ஒன்று முதலாளி கிதாமோரியினுடையது.

"எத்தனை இருக்கு?"

"பன்னெண்டு."

"ஒரு எண்ணை அடிச்சுத் திருத்தணும்னா?"

"பன்னெண்டு பேரும்... அடிச்ச இடத்துல மறுபடி முத்திரை குத்தணும்."

"அதாவது, நான் பாக்காமத்தான் குத்தினேன்னு பன்னெண்டு பேரும் ஒத்துக்கணும். முதலாளி உட்பட." ஹிராகா தாளை மூடினார். குரல் தாழ்ந்தது. "இதப் பாரு. நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. வீட்டுக்குப் போய் வெந்நித் தொட்டியில நல்லா ஊறிட்டுத் தூங்கு."

ஊறினார். தூக்கம்தான் வரவில்லை. பயத்திலும் ஒரு கேவலம் உண்டு. அது நாற்பத்தோரு பேரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்து, கடைசியில் தன் வீட்டுக் கடன் தவணைக்கே வந்து நிற்கும். குசுனோகிக்கும் அதுவே ஆயிற்று. விடியும்போது வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். முடிவு செய்த பிறகும் சவரக் கத்தி மோவாயில் கீறிவிட்டது.

பத்து மணிக் கூட்டம் ஒழுங்காகவே நடந்தது. முதல் மூன்று தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. ஆட்சேபணை இல்லை என்றார்கள். நாலாவது கவாஜிரி. ஹிராகா எழுந்து படித்தார். இருபத்தேழு என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. சுவரோரம் சின்ன நாற்காலியில் இருந்த குசுனோகி தன் குறிப்புத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆட்சேபணை இல்லை."

"ஆட்சேபணை இல்லை."

சுற்று முடிந்தது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டார். அப்போதுதான் முதலாளி தலையைத் தூக்கினார். எழுபது வயது மனிதர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"இந்த எண்ணிக்கை எடுத்தது யாரு?"

"எங்க குசுனோகி," என்றார் ஹிராகா.

"பழைய முறை. ஆனா நல்ல முறை. தொரிமியா அந்தப் புது இயந்திரத்தை எல்லா ஊர்லயும் வெச்சிட்டான். மார்ச்சுக்குள்ள நம்ம முப்பத்தெட்டு ஊரையும் இதே மாதிரி எண்ணிக் கொடுங்க, குசுனோகி சான். எந்தெந்தக் கடை முப்பதுக்குக் கீழன்னு பாத்திரலாம்."

எல்லா முகமும் சுவர்ப் பக்கம் திரும்பியது. முதலாளி பாராட்டினால் எழுந்து நின்று குனிய வேண்டும். குசுனோகி எழுந்தார். இடுப்பு வரை குனிந்தார். கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறக் கம்பளம் மட்டும்தான் தெரிந்தது. முப்பத்தெட்டு ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நொசே, ஒரு நாற்பது பேர். எல்லா இடத்திலும் கல்லாவை விட்டு இயந்திரங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஏனென்றால் வேறு ஊரில் கல்லா எண்ணிக்கையால் பெருக்கினால் கவாஜிரியின் தப்பு வெளியே வந்துவிடும். மூன்று விநாடியில் நிமிர வேண்டியவர் நிமிரவில்லை. யாருடைய முகமும் தெரியாத அந்த நிலையில்தான் அவருக்குக் குரல் வந்தது.

"எண்ணிக்கை தப்பு."

ஒரு பேனா எங்கோ உருண்டு நின்றது.

"எவ்வளவு தப்பு?" என்றது முதலாளியின் குரல்.

"தொரிமியா கூட்டம் இரண்டு மடங்கா ஏறிடுச்சு. நம்ம பங்கு முப்பத்தொன்பது. நான்தான் தப்பாப் பெருக்கிட்டேன்."

"ஹிராகா?"

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. கறுப்புக் காலணி இரண்டு அவர் பார்வைக்குள் வந்து நின்றன. "எனக்கு இப்பத்தான் தெரியும், முதலாளி."

"அப்படியா? குசுனோகி சான், நீங்க இவர்கிட்ட முன்னாடி சொல்லலையா?"

அந்தக் காலணிகளில் ஒன்று மெல்ல நடுங்குவதை அவரால் பார்க்க முடிந்தது. சொன்னேன் என்றால் பேச்சு யார் சொன்னது, யார் கேட்டது என்று திசை மாறும். கவாஜிரி அதில் அமுங்கிப் போகும். தவிர, அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நேற்றிரவு முழுக்க அனுபவித்தவர் அவர்.

"சொல்லலை."

முதலாளி தீர்மானத் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நாலாவது தீர்மானம் நிறுத்தி வைங்க. கவாஜிரி திறந்தே இருக்கட்டும். மறுபடி எண்ணுங்க, ஆனா இவர் வேணாம்," என்றார். "நீங்க அஞ்சு மணிக்கு என் அறைக்கு வாங்க."

படிக்கட்டில் நின்று குசுனோகி நொசேக்குப் போன் போட்டார். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினார். மூடுவதில்லை, கணக்கு என்னுடைய தப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"மணி என்ன?" என்றாள் நொசே.

"பத்து அம்பது."

"ஐயையோ. பதினோரு மணிக்கு தொரிமியால இன்டர்வியூ. அரிசிச் சாப்பாடு ஆக்குற பொம்பளைங்க, மீன் வெட்டுறவரு, கல்லாவுல மூணு பேரு... ஒம்பது பேரு கிளம்பிட்டாங்க. அவங்க இல்லாம நான் கடையைத் தொறந்து வெச்சு என்ன பண்றது?"

போனை வைக்கவில்லை அவள். கையில் பிடித்தபடியே ஓடினாள் போலிருக்கிறது. தானியங்கிக் கதவு திறக்கும் ஓசையும், காற்றும், பனியில் ரப்பர் காலணி சறுக்கும் சத்தமும் கேட்டன. பிறகு நொசேயின் குரல், தொண்டை கிழிய:

"நில்லுங்க! ரோட்டைத் தாண்டாதீங்க! எல்லாரும் அங்கேயே நில்லுங்க!"

ஒரு லாரி கடந்து போனது. குசுனோகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, யாராவது திரும்பிப் பதில் சொல்கிறார்களா என்று மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.