மீன் போட்ட வாள்

போடி கடைவீதியில் ஜெபராணி பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள். அங்கே அந்தப் பொருளைத் தூக்கிப் பார்த்ததும் செல்லப்பாண்டியின் கை தானாக மீசைக்குப் போனது. தோசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் நீளம். எலும்புக் கைப்பிடி. அகலமான வெள்ளி நிறத் தகட்டில், இலைகொடிக்கு நடுவே ஒரு மீன்.

“பாண்டியன் கொடியில உள்ள மீனுல்ல இது!”

ஜெபராணி யாவாரி வீட்டுப் பெண்தான். ஆனாலும் காலை ஜெபம் முடித்து அப்போதுதான் கடை திறந்திருந்தாள். உண்மையே வாயில் வந்தது.

“அண்ணே, இது எஸ்டேட் பங்களா ஏலத்துல எடுத்தது. தொரைமாரு மேசையில முழு மீனை அறுத்துப் பரிமாறுற கத்தி. வெள்ளி முலாம்தான்.”

“மீன் திங்கிற கத்தியில மீன் படம் எதுக்கு? நம்ம கறிக்கரண்டியில ஆடா போட்டிருக்கோம்?”

அவள் கத்தியைத் திருப்பிக் காட்டினாள். “பின்னாடி பாருங்க. ஈ, பி, என், எஸ். முலாம் பூசுன சாமானுக்குப் போடுற முத்திரை. அசல் இங்கிலீசு வெள்ளின்னா சிங்கம் போட்டிருப்பாக.”

“மீன் கொடிக்காரன் சாமானுல சிங்கம் எப்பிடித்தா வரும்? இந்த எழுத்து, வெள்ளைக்காரன் அரண்மனையில இருந்து அடிச்சிட்டுப் போகையில போட்ட சீலு.”

விளிம்பில் முலாம் தேய்ந்து மங்கலாக மஞ்சள் தெரிந்த இடத்தில் ஜெபராணி விரலை வைத்தாள். செல்லப்பாண்டி குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள தங்கமா? எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு மேல வெள்ளியப் பூசியிருக்காக!”

சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் சாமானின் மதிப்பு ஏறுவதைக் கண்ட ஜெபராணி, உண்மையை அத்தோடு நிறுத்திவிட்டு விலையைச் சொன்னாள்.

செல்லப்பாண்டியின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. மார்க்கையன்கோட்டைப் பக்கம் அவர் ஊரில் அம்மன் திருவிழா நெருங்கிவிட்டது. முதல் பரிவட்டம் யாருக்கு என்று அவருக்கும் பங்காளி சுருளிராஜனுக்கும் தகராறு. இருவருமே பாண்டியன் படைத்தளபதியின் வாரிசு. இருவருக்குமே ஆதாரம் வாய்தான். “கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாச்சும் கொண்டாங்கப்பா” என்று சொல்லிவிட்டார் கமிட்டித் தலைவர் கருத்தக்கண்ணன்.

கமிட்டி முன்னால் பட்டுத்துணியை விரித்ததும் ஊரே எழுந்து நின்றது. வாள் ஒரு முழம்கூட இல்லையே என்று ஒருவர் கேட்டார்.

“யானை மேல ஒக்காந்திருக்கிற தளபதிக்கு இடுப்புல செருகத் தோதாச் செஞ்சதுப்பா” என்றார் செல்லப்பாண்டி. கேட்டவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செல்லப்பாண்டி பழைய சாமான் கடையிலிருந்து வந்ததை யாரோ பார்த்துச் சொல்ல, மறுநாள் சுருளிராஜன் போடிக்கு பஸ் ஏறினார்.

“ஏத்தா, எங்க பங்காளிக்கு வித்தியே, அது என்ன சாமான்? மறைக்காமச் சொல்லு.”

“மீன் பரிமாறுற கத்திண்ணே. அது ஜோடியாத்தான் வரும். இந்தா, அதோட முள்ளுக்கரண்டி இங்கன இருக்கு.”

அதே மீன், அதே எலும்புக் கைப்பிடி. சுருளிராஜன் யோசித்தார். உண்மையை ஊரில் சொன்னால் செல்லப்பாண்டி கையைவிட்டுப் பரிவட்டம் போகும்; ஆனால் தனக்கு வராது. முள்ளை மஞ்சள் துணியில் சுற்றித் தரச் சொன்னார்.

கமிட்டி முன்னால் இப்போது சூலாயுதம் வந்திறங்கியது. சூலத்துக்கு மூன்று முனைதானே, இதில் நான்கு இருக்கிறதே என்று அதே ஆள் கேட்டார்.

“எங்க பாட்டன் வீரத்தப் பாத்து ராசா ஒரு முனை கூடுதலாக் குடுத்தாக” என்றார் சுருளிராஜன்.

கருத்தக்கண்ணன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மீனும் ஒன்று, கைப்பிடியும் ஒன்று, பின்னால் உள்ள எழுத்தும் ஒன்று. எழுந்து நின்று கும்பிட்டார்.

“ரெண்டும் ராசா சாமான். வீட்டுல வச்சா குடும்பத்துக்கு ஆகாது, ஆத்தா காலடியிலதான் இருக்கணும். காவல் காக்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை. என்ன செய்ய, அந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன்.”

பெண்கள் குலவையிட்டார்கள்.

திருவிழாவன்று பரிவட்டம் கட்டிய கருத்தக்கண்ணன், ஒரு கையில் வாளும் மறு கையில் சூலமுமாகக் கொட்டுமேளத்தோடு வந்தார். பங்காளிகள் இருவரும் பல வருசத்துக்குப் பிறகு தோளோடு தோள் நின்றார்கள், கூட்டத்தில்.

“அது மீன் திங்கிற சாமான்டா” என்று பல்லைக் கடித்தார் சுருளிராஜன். “கடைக்காரி எங்கிட்டச் சொன்னா.”

“எங்கிட்டயும்தான் சொன்னா.”

“அப்ப மைக்கப் பிடிச்சு ஒடச்சுச் சொல்லிருவமா?”

“சொன்னா அவன் தலையில இருந்து பரிவட்டம் எறங்கும். நம்ம தலையில என்ன ஏறும்னு யோசிச்சுப் பாரு.”

சுருளிராஜன் யோசித்தார். கருத்தக்கண்ணன் பக்கத்தில் வந்து, சூலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருநீற்றுத் தட்டில் கை வைத்ததும், இருவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து திருநீறு வாங்கினார்கள்.